பிள்ளையை முதன்முதலாகக் கடலில் இறக்க: நிலாவெளியா, மார்பிள் பீச்சா?

ஐந்து வயது மகளுக்கு நீச்சல் பழக்க குடும்பமாகக் கிளம்பினோம். வீட்டில் பாதிப் பேர் நிலாவெளி என்றார்கள், நான் மார்பிள் பீச் என்று நின்றேன்.

நிலாவெளி அழகுதான். திருகோணமலை டவுனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர், நீளமான வெள்ளை மணல், எதிரே புறாத்தீவு. ஆனால் அது திறந்த கடல். மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும் என்றாலும், நமக்கு முழங்கால் அளவு வருகிற அலை சின்னப் பிள்ளைக்கு நெஞ்சளவு, ஒருமுறை உப்புத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டால் அப்புறம் அன்றைக்கு முழுக்க கரையை விட்டு அசையமாட்டாள். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

சீனன்குடாப் பக்கம் விமானப்படை பராமரிக்கும் மார்பிள் பீச் குடாவுக்குள் ஒதுங்கிக் கிடப்பதால் அலை குறைவு. அம்மம்மாகூட சேலையை உயர்த்திக்கொண்டு இறங்கிவிட்டார். மகள் என் கைமேல் மல்லாந்து படுத்து, "அப்பா விடாதீங்க, விடாதீங்க" என்றவள், பத்து நிமிடத்தில் "சரி, இப்ப விடுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிலாவெளிக்கு, அவள் தனியாக மிதக்கப் பழகிய பிறகு போவோம்.