கைப்பிடி பின்னால் நழுவும் பெய்ட்காஸ்டர்: சில சீசன் புழங்கிய பிறகு

பெய்ட்காஸ்டர், அதாவது தூண்டில் ராடின் மேல் உட்கார்ந்து, குறுக்கே படுத்த ஸ்பூலில் நரம்பைச் சுற்றும் ரீல், ஒன்றின் விலை இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். அவர் கேட்ட மாடலைத்தான் நான் சில சீசன்களாகப் பேஸ் என்ற நன்னீர் வேட்டை மீனுக்கு வைத்திருக்கிறேன். ரீல் சர்வீஸுக்குப் போய்த் திரும்பி வந்த நேரம் பார்த்துக் கேட்டதால் என் பதில் சூடாகத்தான் வந்தது. இது கொஞ்சம் ஆற அமர எழுதுவது. எடை, பேரிங் எண்ணிக்கை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், அதற்குள் போகவில்லை. கம்பெனிப் பெயரும் வேண்டாம். 7:1 கியர் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று), தாழ்வான லோ-புரொஃபைல் உடம்பு, மேக்னட் பிரேக், ஒருவழி கிளட்ச் என்று வரும் எந்த ரீலை வைத்திருப்பவருக்கும் இதில் பாதியாவது பயன்படும்.

முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன்.

டெக்சஸ் ரிக் முறையில் பிளாஸ்டிக் புழு மாட்டி அடித்தரையில் மெல்ல இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று வையுங்கள். ராடு நுனியில் ‘டொக்’ என்று ஒரே ஒரு தட்டு. நரம்பு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்கிறது. ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, முள் ஏறுவதற்காக ஓங்கிச் சுண்டுகிறேன். அந்த நொடியில் கைப்பிடி என் விரலைத் தள்ளிக்கொண்டு கால் சுற்று பின்னால் போகிறது. உள்ளே ‘கிரிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம்தான் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் மீன் போய்விட்டது. புழுவை எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி நசுங்கியிருக்கிறது, முள்ளின் முனை இன்னும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது.

கால் சுற்று என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இந்த ரீல் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் நரம்பை இழுக்கும். கால் சுற்று பின்வாங்கினால் சாணுக்குச் சற்றுக் குறைய நரம்பு திரும்பப் போய்விடுகிறது. சுண்டலின் வேகம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். டெக்சஸ் ரிக்கில் முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள் புதைத்துத்தான் வைக்கிறோம், கொடியிலும் கிளையிலும் சிக்காமல் வர வேண்டும் என்பதற்காக. அது முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வர வேண்டும், பிறகு தாடையில் ஏற வேண்டும். பேஸின் வாய் ஓரம் எலும்பாக இருக்கும். போதாததற்கு இந்த மீன் இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி எடுப்பது. சந்தேகம் வந்தால் உறிஞ்சிய வேகத்திலேயே துப்பிவிடும். நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுண்டல்.

1949-இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் மென்மையான பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார், பிறகு விற்கவும் ஆரம்பித்தார். பேஸ் பிடிப்பவர்களின் பெட்டியில் அப்படி நுழைந்த புழு இன்னும் வெளியேறவில்லை. இத்தனை காலமாக இந்த மீனுக்கு இதுதான் முதன்மையான இரைகளில் ஒன்று. அப்படியிருக்கும்போது, பேஸுக்கென்றே விளம்பரம் செய்து விற்கும் ரீல் புழுவுக்குச் சுண்டும்போது நழுவினால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

காரணத்தைச் சொல்கிறேன். கைப்பிடி பின்னால் திரும்பாமல் தடுக்க ரீலுக்குள் ஒருவழி கிளட்ச் இருக்கிறது. ஒரு வளையத்துக்குள் சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங், உருளை உட்காரும் இடம் சரிவாக இருக்கும். முன்னால் சுற்றும்போது உருளைகள் அகலமான பக்கம் ஒதுங்கி வழிவிடும். பின்னால் திருப்பினால் குறுகலான பக்கம் ஏறி, நடுவிலுள்ள குழலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆப்பு வைப்பதைப் போன்ற வேலை. இது நடக்க உருளைகள் தடையில்லாமல் அசைய வேண்டும். அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்கோ மிகவும் வலு குறைந்தது. கெட்டியான கிரீஸ் உள்ளே போனால் உருளை ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். சரிவில் ஏறி இறுகுவதற்குள் கைப்பிடி பின்னால் போய்விடும்.

சர்வீஸில் நடந்ததும் இதுதான். கியருக்குப் போட வேண்டிய கிரீஸைக் கிளட்சுக்குள்ளும் தாராளமாகப் பூசி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னாலும் அவ்வப்போது நழுவியது உண்டு, அதற்காகத்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது முன்பைவிட மோசம். கேட்டால், டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பகுதி) லூஸாக இருந்திருக்கும் என்றார்கள். டிராக் நழுவுவதும் கிளட்ச் நழுவுவதும் ஒன்றா? டிராக் நழுவினால் ஸ்பூல் மட்டும் சுழன்று நரம்பு வெளியே போகும், கைப்பிடி இருந்த இடத்திலேயே நிற்கும். கிளட்ச் நழுவினால் கைப்பிடியே பின்னால் திரும்பும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிராக்கை முழுக்க இறுக்கி, நரம்பைக் கையில் துணி சுற்றிப் பிடித்து, வெடுக்கென்று சில முறை இழுங்கள். மெதுவாக இழுத்தால் தெரியாது, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கைப்பிடி அசைந்தால் கோளாறு கிளட்சில். வேறு விளக்கம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது, இந்தக் கோளாறு தலைகாட்டும் பருவம். கிரீஸும் எண்ணெயும் குளிரில் இறுகும். ஆகவே நழுவல் அதிகாலைக் குளிரில்தான் மோசம், வெயில் ஏறினால் குறையும். பேஸ் முட்டையிடுவது தண்ணீர் 15 முதல் 18 டிகிரி செல்சியஸைத் தொடும் சமயத்தில். அதற்குச் சற்று முன்னால், தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, முட்டை சுமந்த பெண் மீன்கள் ஆழம் குறைந்த பகுதிக்கு நகர்ந்து வரும். வருடத்திலேயே எடை கூடிய மீன்கள் கைக்கு எட்டும் காலம் அது. அந்தக் காலத்தில், அந்த நேரத்தில், ரீல் காலை வாருகிறது.

பழைய ரீல்களில் பல்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் இருந்தன. கைப்பிடி லேசாக ஆடும், ‘கடக் கடக்’ என்று இருக்கும், ஆனால் பல்லில் நாக்கு விழுந்துவிட்டால் அதற்குமேல் நகராது. கிளட்ச் வந்த பிறகும் சில ரீல்களில் அந்த நாக்கைத் துணைக்கு வைக்கிறார்கள். கிளட்ச் தவறினாலும் நாக்கு தாங்கிக்கொள்ளும். இந்த மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். எடை சில கிராம் குறைந்திருக்கும், கைப்பிடியில் ஆட்டமும் இல்லை. அந்தச் சில கிராமுக்காக நான் இழந்த மீன்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ரீலின் பிரேக் மாதிரி ஒன்றை நான் வேறெதிலும் அனுபவித்ததில்லை.

பெய்ட்காஸ்டரில் நரம்பு சிக்கிக்கொள்வதற்குக் காரணம் ஒன்றுதான். இரை காற்றில் வேகம் குறைகிறது, ஸ்பூல் குறையவில்லை. வெளியே போகும் நரம்பைவிட ஸ்பூல் அவிழ்க்கும் நரம்பு அதிகமாகி, உள்ளேயே சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். மேக்னட் பிரேக்கில் எதுவும் ஸ்பூலைத் தொடாது. அலுமினிய ஸ்பூல் காந்தப் புலத்துக்குள் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே சுழற்சியைத் தடுக்கிறது. வேகம் எவ்வளவோ அவ்வளவு தடை. மையவிலக்கு பிரேக்கில், அதாவது சுழலும் வேகத்தில் சின்னக் கட்டைகள் வெளியே ஒதுங்கி உரசும் வகையில், தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வீச்சின் ஆரம்பத்தில் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடும். மேக்னட் கடைசி வரை கூடவே வரும். எதிர்க்காற்று வீசும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இந்த ரீலில் டயலை இரண்டு புள்ளி ஏற்றினால் போதும், காற்றை எதிர்த்து ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த இரை) வீசினாலும் நரம்பு சிக்குவதில்லை.

மிதவை மேடைக்கு அடியிலும், தாழ்ந்த கிளைக்கு அடியிலும் இரையைத் தண்ணீர்மேல் தத்த விட்டு உள்ளே அனுப்பும் வீச்சுக்கும் அப்படியே. ஒவ்வொரு தத்தலிலும் இரையின் வேகம் வெட்டுப்படும், பெய்ட்காஸ்டர்களில் பாதி அங்கேதான் சிக்கும். இதில் டயலை உயர்த்தி, கட்டைவிரலை ஸ்பூலின் மேல் பட்டும் படாமலும் வைத்தால் இரை மூன்று நான்கு தத்து தத்தி இருட்டுக்குள் போய் உட்காருகிறது. அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே மீன் இல்லாத இடத்திலும் வீசியிருக்கிறேன்.

புதிதாகப் பெய்ட்காஸ்டர் எடுப்பவர்களுக்கு ஒன்று. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகை, அதாவது ஸ்பூல் டென்ஷனை, இறுக்கி வைத்துக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். இரை மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் நிற்கிற அளவுக்கு முதலில் வைத்துப் பழகுங்கள். கை பழகியதும் அதைத் தளர்த்தி, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கும் அளவோடு நிறுத்தி, மீதி வேலையைப் பிரேக்குக்கும் கட்டைவிரலுக்கும் விடுங்கள். வீச்சு தூரம் கூடும். சிக்கிவிட்டால் நரம்பைப் பிய்த்து இழுக்க வேண்டாம். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை ஓரிரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு நரம்பை மெல்ல வெளியே இழுங்கள். பெரும்பாலான சிக்கு அவிழ்ந்துவிடும்.

கையில் உட்காரும் விதத்துக்கும் முழு மதிப்பெண் தரலாம். உடம்பு சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் ஓட விட்டுப் பிடித்தால், அடியில் ஈயக்குண்டு சரளையில் உரசுவதும் சேற்றில் அமிழ்வதும் தனித்தனியாகத் தெரிகிறது. ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் அமிழும் என்பதால் இந்த உணர்வு இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். தெளிந்த தண்ணீரில் நான் போடுவது அதைத்தான். அடர்ந்த பாசிக்கும் கொடிக்கும் பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிய நரம்பு. பிரெய்டு போடுகிறவர்கள் அடியில் சில சுற்று நைலான் நரம்பைப் போட்ட பிறகு சுற்றுங்கள், இல்லையென்றால் முழுச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். நைலானைத் தவிர்த்தவர்கள் டிராக் கெட்டுவிட்டது என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

டிராக் நன்றாக இருக்கிறது. நரம்பின் தாங்கு திறனில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் வைத்தால் படகோரத்தில் மீன் கடைசியாகத் திமிறும்போதும் தடங்கலில்லாமல் விட்டுக்கொடுக்கிறது. நரம்பைப் பரப்பும் லெவல்வைண்ட் திருகில் மணல் சேரும், துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் போய்விடும். பெயின்ட் ஓரங்களில் உரிந்திருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கிளட்சைத் தாங்களே சுத்தம் செய்துகொள்ளலாம். கைப்பிடியையும் அந்தப் பக்கத்து மூடியையும் கழற்றுங்கள். கிளட்ச் மூடியிலேயே பதிந்திருக்கும். உருளைகளை வெளியே எடுக்காதீர்கள், ஸ்பிரிங் தெறித்துவிட்டால் தேடி மாட்டுவது பெரும்பாடு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உள்ளே விட்டு, பழைய கிரீஸ் முழுக்கக் கரைந்து வரும்வரை அலசுங்கள். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு நடுக்குழலில் மெல்லிய ரீல் எண்ணெயை ஒரு சொட்டு தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். துடைத்த பிறகு எஞ்சும் ஈரமே போதும். குழலில் கோடு விழுந்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். திரும்பப் பூட்டும்போது குழலை அது இலகுவாகச் சுழலும் திசையில் திருப்பியபடி உள்ளே தள்ளுங்கள், நேராக அழுத்தினால் உருளைகள் சாயும். மாட்டியதும் அந்த வெடுக் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

நான் செய்துவிட்டேன், இப்போது நழுவவில்லை. ஆனாலும் குளிர்காலைத் தண்ணீரில் ஓங்கிச் சுண்டும்போது, பிடிக்குமா பிடிக்காதா என்று கை ஒரு கணம் தயங்குகிறது. மீன் தட்டிய நேரத்தில் ரீலைப் பற்றி யோசிக்க வைக்கிற ரீல் எனக்கு வேண்டாம்.

அதனால் புழுவும் ஜிக்கும் (ஈயத்தலை வைத்த முள்) போடுகிறவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள், விலை இன்னும் இறங்கினாலும் வாங்காதீர்கள். பிரேக் எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி. கைப்பிடியைப் பின்னால் தள்ளிப் பார்த்து, கிளட்சுக்குத் துணையாக நாக்கும் இருக்கிறதா என்று விசாரித்து வேறொன்றை எடுங்கள். கிராங்க்பெய்ட் (இழுத்தால் அசைந்து நீந்தும் மீன் வடிவ இரை), ஸ்பின்னர்பெய்ட் மட்டும் வீசுவேன் என்றால் கதை வேறு. அங்கே மீன் ஓடுகிற இரையைத் துரத்தி வந்து தானாகவே மாட்டிக்கொள்கிறது. ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தாலே முள் ஏறிவிடும், ஓங்கிச் சுண்ட வேண்டிய தேவை இல்லை. என்னுடையதை ஸ்பின்னர்பெய்ட் ராடுக்கு மாற்றிவிட்டேன். புழு ராடில் நாக்கு வைத்த பழைய ரீல் ஏறியிருக்கிறது. கைப்பிடி லேசாக ஆடுகிறது, ஆடட்டும்.