ஏர்க்காடு ஏரிக்கு ஏற்ற போலரைசர்: ஒரு மதிப்புரை

ஏர்க்காடு ஏரியை விடியற்காலையில் படமெடுக்கச் செல்பவர்கள் பையில் வேறு எதைக் குறைத்தாலும், நல்ல போலரைசர் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பி, பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்றைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேலத்திலுள்ள கேமரா கடையொன்றில் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய, மெல்லிய சட்டமுடைய 77 மி.மீ. வட்டப் போலரைசரை அந்த ஏரிக்கரையிலும் சுற்றியுள்ள காப்பித் தோட்டப் பாதைகளிலும் நெடுநாள் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

வானத்தின் நீலத்தைக் கூட்டுவதற்காகவே பலரும் இதை வாங்குகிறார்கள். ஆனால் இதன் அருமை நீரில்தான் தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் தளவிளைவு (ஒளி ஒரே தளத்தில் மட்டும் அதிர்வது) என்று படித்தோமே, அதுவே இங்கே கண்முன் நிகழ்கிறது. நீர்ப்பரப்பின் செங்குத்துக்கோட்டுக்கு ஏறத்தாழ 53 பாகை சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசரின் வளையத்தைத் திருப்பி அந்தத் தளத்தை மறித்துவிட்டால் அவ்வொளி லென்ஸுக்குள் வருவதில்லை. ட்ரைபாடின் (கேமராவைத் தாங்கும் முக்காலி) மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு, இந்தக் கோணம் சுமார் இரண்டு மீட்டர் தள்ளியுள்ள நீரில் அமைகிறது. ஆகவே காலடி நீரின் பளபளப்பு விலகி உள்ளே கிடக்கும் பாசியும் தண்டுகளும் புலப்படுகின்றன. எதிர்க்கரை மரங்களின் பிரதிபலிப்போ மிகத் தாழ்ந்த கோணத்தில் வருவதால் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ள, வளையம் சிறுகச் சிறுகத் திரும்பவும், விட்ட இடத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். இந்தப் போலரைசர் அதைக் குறையின்றிச் செய்கிறது. இதற்காகவே இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பனியில் நனைந்த காப்பி இலைகளின் மீதுள்ள வெண்மினுக்கத்தையும் இது நன்றாக அகற்றுவதால், இலையின் உண்மையான கரும்பச்சை படத்தில் பதிகிறது. மலிவான கண்ணாடிகளில் காணப்படும் மஞ்சள் சாயல் இதில் மிகக் குறைவு. வெள்ளைத் தாளைப் படமெடுத்துச் சோதித்துப் பார்த்தேன்.

ஒளி இழப்பு ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்). போலரைசர் இல்லாமல் ஒளியைப் பதிவுசெய்ய 1/15 வினாடி போதுமான இடத்தில், இதை மாட்டியபின் 1/4 வினாடி தேவைப்படும் என்பதால், கதிரவன் எழுமுன் ட்ரைபாடின்றி இதைப் பயன்படுத்துவது கடினம். படகுகள் ஏரியில் இறங்கி நீரைக் கலக்குவதற்கு முன் படமெடுத்து முடிப்பதும் நல்லது.

குறைகளும் உண்டு. நீர் ஒட்டாத பூச்சு என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய துளிகள் ஊதினால் உருண்டோடிவிடுவது உண்மைதான். ஆனால் ஏர்க்காட்டு மூடுபனியின் நுண்துளிகள் கண்ணாடியில் படிந்துவிடுகின்றன, துடைத்தால் கோடு விழுகிறது. நல்ல துணி ஒன்றைக் கையில் வைத்திருப்பது அவசியம். அடர்ந்த பனி ஏரியை மூடியிருக்கும் நேரத்தில் இதனால் பெரிய பயன் இல்லை, கழற்றிவிடலாம்.

அகலக் கோண லென்ஸில் இதை மாட்டி, விடியலில் வடக்கையோ தெற்கையோ நோக்கினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் திட்டாகக் கறுக்கும். கதிரவனுக்கு 90 பாகை விலகிய திசையில்தான் விளைவு மிகுதி என்பதே காரணம். இது எல்லாப் போலரைசருக்கும் பொது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏர்க்காட்டில், காற்றின் ஈரத்தால் வானம் வெளிறியே இருப்பதால் கறுப்பு அளவு மீறுவதில்லை. இதே கண்ணாடியுடன் இமயத்தில் 4,000 மீட்டருக்கு மேலுள்ள சந்திரதால் போன்ற ஏரிகளுக்குச் செல்ல நினைப்பவர்கள் வளையத்தைப் பாதியளவே திருப்ப வேண்டும். அங்கே வானம் இயல்பிலேயே அடர்நீலம்.

மெல்லிய சட்டத்தின் முன்புறத்தில் மரை இல்லாததால் லென்ஸ் மூடி நிற்பதில்லை. மேலே கவிழ்க்கும் மூடி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பல லென்ஸ் வைத்திருப்பவர்கள் அவற்றுள் பெரிய விட்டத்துக்கு ஒரே போலரைசர் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையங்களைப் (சிறிய லென்ஸில் பெரிய கண்ணாடியை மாட்ட உதவுபவை) பயன்படுத்திக்கொள்ளலாம்.