மாரத்தான் ஓடப் போகிறவருக்கு இந்தப் பயணக் காப்பீடு போதுமா?

கடந்த செப்டம்பரில் பெர்லின் மாரத்தான் ஓடச் சென்னையிலிருந்து புறப்பட்டபோது, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், இணையத்தில் கிடைத்த மலிவான பாலிசி ஒன்றை எடுத்தேன். விசா கொடுப்பவர்களுக்குத் தொகையும் தேதியும் சரியாக இருந்தால் போதும். நாம் அங்கே 42.195 கிலோமீட்டர் ஓடப்போகிறோம் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் பெரிய விஷயம்.

எதற்கெல்லாம் காப்பீடு கிடையாது என்று சொல்லும் விலக்குகள் பகுதியில் "தொழில்முறை விளையாட்டுகள், அபாயகரமான விளையாட்டுகள், பந்தயங்கள்" என்று ஒரே வரியில் இருந்தது. பந்தயம் என்றால் கார்ப் பந்தயமா, சாலையில் ஓடும் மாரத்தானுமா என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை. விற்பனைப் பிரதிநிதி "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்று தொலைபேசியில் சொன்னதோடு விடாமல், போட்டியின் பெயர், நாள், தூரம் மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, பொழுதுபோக்காக ஓடுகிறவருக்குப் பாதுகாப்பு உண்டு என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்தேன்.

31ஆவது கிலோமீட்டர் அருகே, தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நசுங்கி நனைந்து கிடந்த பிளாஸ்டிக் கோப்பைகளின்மேல் கால் வழுக்கி, வலது கணுக்கால் மடங்கிவிட்டது. முதலுதவிக் கூடாரத்தில் ஐஸ் வைத்துக் கட்டி, எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அவசர உதவி எண்ணில் இரண்டாவது மணியிலேயே எடுத்து, எந்தெந்த ரசீதுகளை வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். எலும்பு முறியவில்லை. உள்நோயாளியாகச் சேராததால் 340 யூரோவை நானே கட்டிவிட்டு, ஊர் திரும்பிய பின் கிளெய்ம் போட்டேன்.

பந்தயத்தில் கலந்துகொண்டதைக் காரணம் காட்டி அதை நிராகரித்தார்கள். பழைய மின்னஞ்சலை இணைத்து, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன் என்றும் குறிப்பிட்டு எழுதிய பிறகே, பாலிசிதாரர் ஏற்க வேண்டிய 100 டாலரைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்த மின்னஞ்சல் இல்லாதிருந்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பியிருக்காது.

இன்னொரு குறையும் உண்டு. பயண ரத்துப் பிரிவில் விமான டிக்கெட்டும் விடுதி வாடகையும் மட்டுமே வருகின்றன. புறப்படும் முன்பே காய்ச்சலில் படுத்தால் போட்டிக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம் போனதுதான்.

விசாவுக்காக மட்டும் என்றால் இந்தப் பாலிசி போதும். ஓடப் போகிறவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை, சாலை ஓட்டப் போட்டிகள் என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் பாலிசியைத்தான், பிரீமியம் ஒன்றரை மடங்கு ஆனாலும், எடுப்பேன்.