காது கேளாத ராஜபாளையம் நாயைத் திரும்பிப் பார்க்க வைக்க: அதிர்வா, ஒளியா, தொடுகையா?

ராஜபாளையம் இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது புதிதல்ல. உடல் முழுவதும் வெண்மையாக இருக்கும் இத்தகைய இனங்கள் சிலவற்றில், தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை உயிரணுக்கள் உட்செவியில் இல்லாமற்போவதால், சில குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறது. வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்திலும் காரணம் இதுவே. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அல்ல. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி அதில் எளிதாகத் தேறிவிடும். இரண்டும் கேளாத குட்டிகூடக் காற்றசைவை உணர்ந்தோ உடன்பிறந்தவை திரும்புவதைக் கண்டோ தானும் திரும்பிவிடும்.

இத்தகைய நாய்க்குக் கையசைவில் உட்காரவும் படுக்கவும் கற்றுக்கொடுப்பது கடினமே அல்ல. உண்மையான சிக்கல் அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. முதுகைக் காட்டி நிற்கும் நாய்க்கு எந்தச் சைகையும் போய்ச் சேராது. முதலில் அதன் பார்வை நம்மீது விழவேண்டும். கேட்கும் நாயிடம் அதன் பெயர் செய்யும் அந்த வேலையை எதைக்கொண்டு செய்வது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

பலரும் முதலில் தேடுவது அதிர்வுக் கழுத்துப்பட்டையை. தொலைவிலிருந்தும், நாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பயன்படும் கருவி இது ஒன்றே என்பதால் அந்தத் தேடலில் நியாயமும் உண்டு. ஆனால் கழுத்தில் திடீரென ஏற்படும் அதிர்வு நாய்க்கு எந்தப் பொருளையும் தானாகச் சொல்வதில்லை. சில நாட்கள் பட்டையை வெறுமனே அணிவித்துப் பழக்கி, பிறகு மிகக் குறைந்த அளவில் ஒருமுறை அதிரவைத்து, அக்கணமே மூக்கருகில் ஒரு துண்டு கோழிக்கறியை நீட்டி, இதைப் பலமுறை செய்த பிறகே 'அதிர்ந்தால் எசமானரைத் தேடு' என்ற பொருள் அதற்குப் பிடிபடும். சில நாய்கள் அதிர்வுக்கே மிரண்டு ஒடுங்கும். அவற்றிடம் வற்புறுத்தக் கூடாது. கடைகளில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் மின்னதிர்ச்சிக்கான பொத்தானும் அதே ரிமோட்டில் இருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். அவசரத்தில் விரல் தவறினால் பல நாள் பயிற்சி வீணாகும் என்பதால், அந்த வசதியே இல்லாத பட்டையை வாங்குவதுதான் சரி. பட்டை தளர்ந்திருந்தால் அதிர்வு உறைக்காது, இரவிலும் கழற்றாமல் விட்டால் தோல் புண்ணாகும்.

டார்ச் ஒளி இதைவிட மலிவானது, மென்மையானது. அந்தி சாய்ந்த பின் முற்றத்தில் நிற்கும் நாயை அழைக்கவும், அறைக்குள் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டுக் கவனத்தை ஈர்க்கவும் இதற்கு ஈடில்லை. (பழைய ட்யூப்லைட் வீடுகளில் நாய் திரும்புவதற்கும் விளக்கு எரிவதற்கும் போட்டியே நடக்கும்.) நண்பகல் வெயிலிலோ அது எதற்கும் உதவாது. ஒளிப்புள்ளியை ஓடவிட்டு விளையாட்டுக் காட்டுவது அறவே கூடாது. பிடிக்கவே முடியாத ஒளியைத் துரத்தும் பித்து சில நாய்களுக்கு ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை. லேசர் கருவியை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்கும் அதுவே காரணம்.

தரையைக் காலால் தட்டும் வழி மரத்தளம் போட்ட வீடுகளுக்கு உரியது. நம்முடைய சிமெண்ட் தரையிலும் டைல்ஸிலும் எவ்வளவு மிதித்தாலும் வலி நம் குதிகாலுக்குத்தான். நாய் மரக்கட்டிலில் படுத்திருக்கும்போது கட்டிலைத் தட்டினால் மட்டும் பயன் தெரியும்.

தொடுகை கைக்கெட்டும் தொலைவுக்கே உரியது என்றாலும், தூங்கும் நாயை எழுப்ப அதைத் தவிர்த்து வேறு வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். முதலில் புறங்கையை மூக்கருகே வைத்து மணம் உணரவிட்டு, பிறகு எப்போதும் தோளின் ஒரே இடத்தில் மெல்லத் தொட்டு, கண் திறந்ததும் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால், திடுக்கிட்டுக் கடிக்கும் ஆபத்து பெரிதும் குறையும். இயல்பிலேயே அந்நியரை அண்டவிடாத ராஜபாளையத்திடம் இந்தப் பழக்கம் வீட்டிலுள்ளவர்களோடு நிற்கவேண்டும். விருந்தினரின் குழந்தைகள் தூங்கும் நாயை நெருங்கக் கூடாது.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் அழைப்பவர் நாம். ஐந்தாவது வழியில் நாய் தானாகவே நம்மைப் பார்க்கிறது. பார்த்த ஒவ்வொரு முறையும் நாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, உடனே ஏதாவது தின்னக் கொடுக்கிறோம். முதலில் அமைதியான அறை, பிறகு முற்றம், அதன்பின் ஏறத்தாழ 10 மீட்டர் நீளக் கயிற்றில் தெரு என்று இடத்தை மெதுவாக விரித்துக்கொண்டு போனால், சில வாரங்களில் நாய் நடக்கும்போதே சற்றைக்கொருமுறை நம் முகத்தைத் தேடத் தொடங்கும். செலவு இல்லை, பேட்டரி தீராது, மிரட்சியும் இல்லை. ஆகவே இதையே அடித்தளமாகக் கொண்டு, தொலைவுக்கு அதிர்வையும் இருட்டுக்கு டார்ச்சையும் துணைக்கு வைத்துக்கொள்வதே என் தேர்வு. பட்டையை முதலில் வாங்கிவிட்டவர்கள் இந்தப் பொறுமையான வேலையைப் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை என்பதுதான் அந்தக் கருவியின் மீது எனக்குள்ள பெரிய குறை.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம். பூனையோ அணிலோ குறுக்கே ஓடிய கணத்தில் அது நம் முகத்தை நினைக்காது, கழுத்தில் அதிரும் பட்டையையும் பொருட்படுத்தாது. பின்னால் வரும் லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காது என்பதால், வேலியில்லாத வெளியில் கயிற்றைக் கழற்றுவதற்கு மேற்சொன்ன எந்த வழியும் உத்தரவாதம் ஆகாது.