மார்த்தாண்டத்தில் சோவியத் ஆட்சியமைப்பு வகுப்பு: ஒரு மதிப்பீடு

மார்த்தாண்டத்தில் அரசியல் அறிவியல் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் சிறிய மையம் ஒன்றின் வார இறுதி வகுப்பில், ஒப்பீட்டு அரசாங்கம் என்னும் பகுதிக்காக மட்டும் சேர்ந்திருந்தேன். சோவியத் ஒன்றியத்தின் ஆட்சியமைப்பை நடத்திய விதத்துக்காகவே அதைப் பரிந்துரைக்கலாம்.

1977ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அந்நாட்டின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் இரு அவைகளுக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் என்பது எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். அந்தப் பேரவை ஆண்டுக்கு இருமுறை சில நாட்களே கூடியதால், இடைப்பட்ட காலத்தில் அதன் தலைமைக்குழுவும் அமைச்சரவையும் ஆட்சியை நடத்த, அடிப்படை முடிவுகளைக் கம்யூனிஸ்ட் கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோ எடுத்தது என்பதை ஆசிரியர் பலகையில் அரசு, கட்சி என இரு வரிசைகள் வரைந்து, குறுக்கே அம்புக்குறிகள் இட்டு விளக்கினார். உள்ளாட்சித் துறை ஒன்று தன் உள்ளூர் மன்றமான சோவியத்துக்கும் மேல்மட்ட அமைச்சகத்துக்கும் ஒருங்கே கட்டுப்பட்ட இரட்டைக் கீழ்ப்படிதல் முறையை, நம் மாவட்ட வேளாண்மை அதிகாரி நாகர்கோவிலில் ஆட்சியருக்கும் சென்னையில் இயக்குநருக்கும் பதில் சொல்வதோடு ஒப்பிட்டார். முழுப் பொருத்தமில்லை, இங்கே கட்சி அதற்குள் இல்லை, காகிதத்திலாவது.

அச்சிட்ட குறிப்பேடுதான் குறை. கட்சியின் தலைமைப் பங்கை உறுதிசெய்த அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு 1990இல் திருத்தப்பட்டதே அதில் இல்லை; 1921இல் தொடங்கிய திட்டக்குழுவான கோஸ்பிளானுக்கு மூன்று வரிதான். மாடி அறை மதியத்தில் வெக்கையாக இருக்கும் என்பதால், காலை வகுப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.