குடல் நோயோடு ஊருக்குப் போவோருக்கு: யாழ்ப்பாண நிலவரம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து வரும் இரவு பஸ்களில் பெரும்பாலும் மலசலகூடம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பது சாரதியின் கையில். கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு ரயில்தான் நல்லது.

இந்த நோய்களுக்குப் போடுகிற அடலிமுமாப் ஊசி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். வெளியே எடுத்தால் 25 பாகைக்குள் 14 நாள் தாங்கும் என்று பல பெட்டிகளில் போட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்து மத்தியானம் 30ஐத் தாண்டும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்தாலும் பழுதுதான். ஒருக்கால் உறைந்த ஊசியை, இளகின பிறகும் போடக்கூடாது. பிறிஜ்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்கவேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பெரிய சிக்கல் வீட்டுக்குள்தான். பழைய வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்பக்கம். ஒரு நாளில் பத்துத் தரம் வெளிக்குப் போகவேண்டியவர், விறாந்தையில் இருக்கிற அவ்வளவு பேரையும் ஒவ்வொரு தரமும் கடந்துதான் போகவேண்டும். கொமட்டா, குந்துகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்; இந்த நோயோடு முழங்கால் மூட்டும் வீங்கினவர்களால் குந்தி எழும்ப முடியாது. வெட்கத்தில் மறைப்பவர்கள் முதலில் வெளியே போகுமுன் சாப்பாட்டைத் தவிர்ப்பார்கள், பிறகு கலியாணவீட்டைத் தவிர்ப்பார்கள், கடைசியில் அறைக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். மனச்சோர்வு இந்த நோயாளரிடம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் சமைக்கிற மாமிக்கு மட்டுமாவது போனில் சொல்லிவிடுங்கள்: "குடலிலை புண் மாமி. தொத்தாது. சாப்பாட்டாலையோ யோசினையாலையோ வந்ததில்லை." பிறகு "என்ன, இப்பிடி மெலிஞ்சு போனியள், இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்பவருக்கு மாமியே பதில் சொல்லிவிடுவா.

இடியப்பம், உறைப்பில்லாத சொதி பலருக்கு ஒத்துவரும். குடல் ஒடுங்கினவர்கள் மரவள்ளி, பலாக்கொட்டை, கீரை போட்ட ஒடியற்கூழில் கவனம், நார் அடைக்கும். வயிறு ஊதி, சத்தியெடுத்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே பெரியாஸ்பத்திரி. அம்புலன்ஸுக்கு 1990.

வயித்தாலை போனால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) ஒரு பைக்கற்றை அதில் எழுதிய அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். நோய் கிளம்பியதா, தொற்றா என்பது மலப் பரிசோதனையில்தான் தெரியும். அதுவரை ஸ்டீரொயிட்டை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் உள்ள வைத்தியர் கடிதம் கையில் இருக்கட்டும். வணிகப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மார்கழி மழையில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபினாக் என்ற நோ மருந்து குடல் நோயைக் கிளப்பலாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவையும் கூட்டும். பாமசியில் தந்தாலும் வாங்காதீர்கள்.