சாவி கொடுக்கும் பெண்டுலக் கடிகாரம்: மூன்று மாதங்களுக்குப் பின்

பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய, வாரம் ஒருமுறை இரண்டு துளைகளிலும் சாவி கொடுக்க வேண்டிய இந்தச் சுவர்க்கடிகாரம் பொறுமையுள்ளவர்களுக்கே ஏற்றது. நேரத்தைத் திருத்தும்போது பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்பாமல், ஒவ்வொரு அரை மணியிலும் முழு மணியிலும் நிறுத்தி, அடித்து முடிக்கும்வரை காத்திருந்தே நகர்த்த வேண்டும். நான் அவசரப்பட்டதால் நான்கு மணிக்கு ஏழு அடித்தது. அழுத்திப் பொருத்தப்பட்டிருந்த சின்ன முள்ளை மட்டும் ஏழுக்கு நகர்த்தி, பெரிய முள்ளை முறைப்படி சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்ததும் கணக்கு ஒத்துப்போயிற்று. பெண்டுலத்தின் அடியிலுள்ள திருகை ஏற்றினால் ஓட்டம் விரைவுபடும் என்பதால், நாளுக்கு 4 நிமிடம் பிந்தியதை ஒரு வாரத்தில் சரிசெய்தேன். டிக் டிக் ஓசை சீராக இல்லையெனில் பெட்டியைச் சற்றே சாய்த்து நேராக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவேயில்லை. நள்ளிரவின் பன்னிரண்டு அடிகள் எங்களுக்குப் பழகிவிட்டன. விருந்தினர்தான் திடுக்கிட்டு எழுகிறார்கள்.